வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை

ஆரணியில் யாராவது என்னிடம் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டால், என் அண்ணன்தான் முந்திக்கொண்டு பதில் சொல்வான். "பாப்பா மாத்திரையைத் தண்ணியில கரைக்குது." கேட்டவர் சிரிப்பார், நான் பல்லைக் கடிப்பேன். பார்மசியில் பட்டம், மேல்பட்டம், அதற்கும் மேலே ஆராய்ச்சி என்று பாதி ஆயுளைத் தொலைத்துவிட்டு, ஐதராபாத்தில் ஒரு மருந்து கம்பெனியில் விஞ்ஞானி என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு திரிகிறவளை, எலுமிச்சை ஜூஸ் கலக்குகிறவளைப்போல ஒரே வரியில் முடித்துவிடுவான். எரிச்சலாக வரும். அதைவிட எரிச்சல், அவன் சொன்னது சரி என்பது. என் வேலை அதுதான்.

மருந்து என்றால் வாயில் போட்டதும் வேலை செய்யும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். வயிற்றில் இருக்கிற தண்ணீரில் அது முதலில் கரைய வேண்டும். கரைந்தால்தான் குடல் உறிஞ்சும், உறிஞ்சினால்தான் ரத்தத்தில் ஏறும். இப்போது கண்டுபிடிக்கிற மருந்துகளில் பல, தண்ணீரைக் கண்டால் கூழாங்கல் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். எண்ணெய்ப் பிசுக்குக் குணம் அவற்றுக்கு. நோயாளி விழுங்குவான், அது வந்த வழியே போய்விடும். அந்தக் கல்லை எப்படியாவது தண்ணீரோடு சேர்த்துவைப்பதற்கு எங்களைப் போன்றவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். பொடியிலும் பொடியாக அரைப்போம். வேறொரு பசைப் பொருளோடு சேர்த்து, மருந்தின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகாதபடி பிரித்து நிறுத்துவோம். சர்க்கரையால் ஆன கிண்ணம் மாதிரி ஒரு மூலக்கூறு இருக்கிறது, அதற்குள் மருந்தை உட்காரவைத்துத் தண்ணீரில் இறக்குவோம்.

இதை ஒருமுறை அண்ணனுக்கு விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கிண்ணத்தோட தண்ணியில விழுதா? கெட்டிக்காரிதான் நீ" என்றான். பிறகு தன் கையைக் காட்டினான். விரல் இடுக்கெல்லாம் அன்றைக்குப் பட்டு நூலுக்குப் போட்ட ராமர் பச்சைச் சாயம். "இதுக்கு நாங்க காலேஜ் போவல பாப்பா."

அண்ணனுக்குச் சாயப்பட்டறையில் வேலை. எங்களுக்குத் தெள்ளார் பக்கம் ஒரு ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போய்ப் போய் முதுகு வளைந்து, சீக்கிரமே போய்ச் சேர்ந்தார்கள். அவன் ஆரணிக்கு வந்து பட்டறையில் சேர்ந்து, என்னையும் கூட்டிவந்து இங்கே பள்ளிக்கூடத்தில் போட்டான். என்னைவிட ஒன்பது வயது பெரியவன். நான் காதோரம் நரைத்த பிறகும் அவனுக்குப் பாப்பாதான். அவனை நான் வா, போ என்றுதான் பேசுவேன்.

பட்டுக்குச் சாயம் போடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். தூளை அப்படியே தொட்டியில் கொட்ட மாட்டார்கள். கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் குழைத்து, வெந்நீர் விட்டுக் கரைத்து, துணியில் வடிகட்டித்தான் ஊற்றுவார்கள். கரையாத தூள் ஒன்று உள்ளே போனாலும் நூலில் புள்ளி விழுந்துவிடும், பிறகு அந்த நூல் கற்றையை, சிட்டத்தை, அப்படியே தூர வைக்க வேண்டியதுதான். கடைசியில் ஆசிட் விடுவார்கள். அதை விட்டால்தான் சாயம் தண்ணீரை விட்டுவிட்டு நூலைப் பிடிக்கும். "ஆசிட் இல்லன்னா இன்னா கலர் போட்டாலும் தண்ணியோடவே பூடும்" என்று அண்ணன் சொல்வான். இதை எத்தனை தடவை என்னிடம் சொல்லியிருப்பான்!

அவனுக்கு முன்பு ஒருதரம் டி.பி. வந்திருந்தது. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிவிட்டான். ஆனால் நுரையீரலில் ஒரு பொத்தல் தங்கிவிட்டது. அந்தப் பொத்தலில் பூஞ்சை குடியேறும் என்று யாருக்குத் தெரியும்? சுவரில் மழைக்காலத்தில் படருகிறதே, அந்த ஜாதிதான். சில வருடம் கழித்து இருமல், இளைப்பு, ஒருநாள் எச்சிலில் ரத்தம். மறுபடியும் டி.பி.தான் என்று ஊரே முடிவுகட்டியது. வேலூரில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, டி.பி. இல்லை, பூஞ்சை என்றார் டாக்டர். ஒரு காப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று, மாதக்கணக்கில்.

அண்ணி சீட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். மருந்தின் பெயரைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். பெருமையாக இருந்தது. நான் அப்போது ஆறு வருடமாகக் கட்டிக்கொண்டு அழுத மருந்து அதுதான். தண்ணீரில் கரையாத மருந்துகளுக்கெல்லாம் ராஜா. அதை நன்றாகக் கரைகிற மாத்திரையாக மாற்றுவதுதான் என் வேலை. உடனே போன் போட்டேன். "அண்ணா, கவலைப்படாதே. இந்த மருந்தோட ஜாதகமே என் கையில இருக்கு" என்றேன். அவன் பக்கத்தில் இருந்த யாரிடமோ, "எங்க பாப்பா கம்பெனி சரக்குதான் எனக்கு" என்று சொன்னது கேட்டது. அது எங்கள் கம்பெனி சரக்கே இல்லை. நான் திருத்தவில்லை.

அந்தப் பழைய காப்ஸ்யூல் உள்ளே ஏற இரண்டு வேண்டும். ஒன்று, வயிறு நிறையச் சாப்பாடு, நெய்யோ எண்ணெயோ கொஞ்சம் தாராளமாக. இன்னொன்று, வயிற்றில் சுரக்கிற அமிலம். இரண்டும் இருந்தால் ஏதோ கொஞ்சம் கரையும். இல்லாவிட்டால் கூழாங்கல்தான். இதை நான் எத்தனை மீட்டிங்கில், எத்தனை பேருக்கு, படம் போட்டு விளக்கியிருக்கிறேன்! அண்ணனிடம் சொன்னேனா? சீட்டில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதியிருந்தது. அது போதும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணி சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறவள். பிறந்த ஊர் சந்தவாசல். கைமணம் உள்ளவள், ஆனால் வீட்டில் யாராவது மாத்திரை சாப்பிட ஆரம்பித்தால் அவள் அடுப்பு அடியோடு மாறிவிடும். எங்கள் பக்கத்தில் பத்தியம் இல்லாமல் மருந்து கிடையாது. எண்ணெய் கூடாது, நெய் கூடாது, கத்தரிக்காய் கூடாது, புளிப்பு கூடாது. இட்லிக்குத் தொட்டுக்கொள்ள வெறும் பருப்புத் தண்ணீர், மதியம் குழைந்த சாதம், மிளகு ரசம். டாக்டர் சொன்னாரா என்று யாரும் கேட்பதில்லை. பத்தியம் வைக்கிற பெண்டாட்டிதான் நல்ல பெண்டாட்டி என்று தெருவே சர்டிபிகேட் கொடுக்கும். அண்ணி தன் கையால் தினமும் அத்தனை பிள்ளைகளுக்கு எண்ணெய் விட்டுத் தாளித்துப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து புருஷனுக்குக் கஞ்சி வைத்தாள். சந்தவாசலிலிருந்து அவள் தம்பி கொடுத்தனுப்பிய நெய், எவர்சில்வர் தூக்கில், மேல் ஷெல்பில் மூடியபடியே இருந்தது.

மருந்து ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் அண்ணன் போன் செய்தான். ஒரு வேலை நாள், பிற்பகல் மூன்று மணிக்கு மேல். நான் லேபில் நின்றிருந்தேன். எங்களிடம் ஒரு மிஷின் உண்டு. ஆறு கண்ணாடிப் பாத்திரம், ஒவ்வொன்றிலும் உடம்புச் சூட்டில் ஆசிட் கலந்த தண்ணீர், நடுவில் ஒரு துடுப்பு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். மனித வயிற்றைப்போல ஒன்றைக் கண்ணாடியில் செய்து வைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு என் மாத்திரையைப் போட்டிருந்தேன். அதற்கு முன்னால் செய்தவையெல்லாம் சில வாரத்திலேயே மறுபடியும் கல்லாகி என் மானத்தை வாங்கியிருந்தன. இது கரைந்துகொண்டிருந்தது. ஆறு பாத்திரத்திலும் கரைந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் போன்.

"பாப்பா, நெஞ்செல்லாம் எரியுது. புளிச்ச ஏப்பமா வந்துகினே இருக்குது. ஒரே பேஜாரா கீது."

போனில் அவனுக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. என் கண் கண்ணாடிப் பாத்திரங்களை விட்டு நகரவில்லை.

"கேஸ் மாத்திரை ஒண்ணு போடுண்ணா. காலையில எழுந்ததும், வெறும் வயித்துல. தினமும் போடு, சரியாயிடும்."

"டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா?"

"இதுக்கெல்லாமா டாக்டர்? நான் சொல்றேன் இல்ல."

"சரி, சரி. நீ சொன்னா சரிதான். வேலையைப் பாரு" என்று வைத்துவிட்டான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

கேஸ் மாத்திரை என்றால் எங்கள் ஊரில் அது மருந்தே இல்லை. தலைவலிக்கு மாத்திரை வாங்கினால் கூடவே ஒரு கேஸ் மாத்திரை, கால்வலிக்கு வாங்கினால் ஒன்று, கல்யாணத்தில் பிரியாணி சாப்பிட்டால் ஒன்று. கடைக்காரர் கேட்காமலேயே கத்தரித்துக் கொடுப்பார். வயிற்றில் அமிலம் சுரப்பதை நிறுத்துவதுதான் அதன் வேலை. ஆசிட் நிறைந்த ஆறு பாத்திரங்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, ஆசிட் இல்லாவிட்டால் கரையாத மருந்தைச் சாப்பிடுகிறவனுக்கு, ஆசிட்டை நிறுத்துகிற மாத்திரையைச் சொன்னேன். அதைச் சொன்னது நான் படித்த படிப்பு அல்ல, ஆரணிக்காரியின் வாய். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவே இல்லை. போனை வைத்துவிட்டுக் கரைந்த அளவைக் குறித்தேன். சாயந்திரம் லேபில் எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழிந்தது. அண்ணனுக்கு நெஞ்செரிச்சல் போய்விட்டது. இருமல் போகவில்லை. படி ஏறினால் மூச்சு வாங்கியது, பட்டறைக்குப் போவதை நிறுத்திவிட்டான். மறுபடி ரத்தம் வந்தது என்று அண்ணி சொன்னபோது லீவு போட்டுவிட்டு வந்தேன். சட்டைக்குள் ஆள் இல்லாத மாதிரி இருந்தான். "இன்னா பாப்பா, ஜல்தி வந்துட்ட? நான் இன்னும் போவலியே" என்று கிண்டல் வேறு. சனியனே, வாயை மூடு என்று திட்டினேன். மூவரும் வேலூருக்குப் போனோம்.

டாக்டர் ரத்தம் எடுத்து, அதில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லியிருந்தார். முடிவு வந்த அன்று மூன்று பேரையும் உட்காரவைத்தார். "ரத்தத்துல மருந்தே இல்லையே. ஒழுங்கா சாப்பிடறாரா?" என்றார். அண்ணிக்கு முகம் செத்துவிட்டது. "ஒரு வேளைகூட வுட்டதில்ல சார். நானே எடுத்துக் குடுக்கறேன்." எதோடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். இரண்டு இட்லி, பருப்புத் தண்ணீர் என்றாள். எண்ணெய்? "பத்தியம் சார். ஒரு சொட்டு எண்ணெய் சேத்ததில்ல." அவள் அதைச் சொன்னபோது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, பாவி.

எனக்கு மண்டையில் ரத்தம் ஏறியது. அந்த நேரம் பார்த்துக் கம்பெனியிலிருந்து போன். எழுந்து வெளியே போனேன். ஐந்து நிமிஷம் பேசியிருப்பேன். திரும்பியபோது அவர்கள் இருவரும் சீட்டோடு வெளியே வந்துவிட்டார்கள். அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அண்ணியை வராந்தா ஓரமாக இழுத்துக்கொண்டு போய்க் கத்தினேன்.

"யாரைக் கேட்டு அண்ணி பத்தியம் வெச்சீங்க? ஒரு ஸ்பூன் நெய் ஊத்தியிருந்தா மருந்து ஏறியிருக்கும். மூணு மாசம், அண்ணி, மூணு மாசம்! மருந்து எல்லாம் கக்கூஸ்ல போயிருக்கு. நெய்யைப் பூட்டி வெச்சி யாருக்குப் படையல் போடப் போறீங்க?"

அங்கே போகிறவர் வருகிறவர் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நான் குற்றம் செய்தவளின் பார்வை என்று எடுத்துக்கொண்டேன். இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துத்தான் திட்டினேன்.

மத்தியானம் மருந்து வாங்கச் சீட்டை எடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் மருந்தை மாற்றியிருந்தார். அதற்குக் கீழே வேறொரு வரி. கேஸ் மாத்திரையின் பெயரை எழுதி, குறுக்கே கோடு போட்டு, 'உடனே நிறுத்தவும், இதனால் மருந்து ஏறாது' என்று எழுதியிருந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. இவனுக்கு எவன் கேஸ் மாத்திரை கொடுத்தான் என்று உண்மையாகவே கோபம் வந்தது. கவுன்ட்டரில் என் முறை வருவதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. பாத்திரம் கழுவும் சத்தம், சுற்றுகிற துடுப்பு, நான் சொல்றேன் இல்ல. பின்னால் நின்றவர் "நகருங்கம்மா" என்று அதட்டிய பிறகுதான் சீட்டை நீட்டினேன்.

திரும்பிப் போய் நான் வாயைத் திறக்கவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். அண்ணன் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான், அண்ணி அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். இப்போது வேண்டாம், அவன் தேறட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடுகிறது.

அவன் தேறவில்லை. புது மருந்து ஆரம்பித்துப் பத்தொன்பதாம் நாள் காலை, டீ குடித்துக்கொண்டிருந்தவன் இருமினான். அதோடு வந்த ரத்தத்தை யாராலும் நிறுத்த முடியவில்லை. வண்டி ஊரைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. பிற்பாடு டாக்டரைத் தனியாகப் பார்த்து, மருந்து ஏறியிருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டேன். "அதைச் சொல்ல முடியாதும்மா. ஏறலைன்னு மட்டும்தான் என்னால சொல்ல முடியும்" என்றார். நெய்யில்லாததால் எவ்வளவு, கேஸ் மாத்திரையால் எவ்வளவு என்று கேட்க என் நாக்கு துடித்தது. கேட்கவில்லை. விடை எனக்குத் தெரியாதா என்ன? கண்ணாடிப் பாத்திரத்தில் அந்தக் காப்ஸ்யூலை நானே போட்டுப் பார்த்திருக்கிறேன். ஆசிட் இல்லாத தண்ணீரில் போட்டால் சாயந்திரம் வரை அப்படியே கிடக்கும்.

காரியத்தன்று வந்தவர்களுக்குப் பேச ஒரு விஷயம் வேண்டுமே. நான் வேலூரில் கத்தியது எப்படியோ ஊருக்கு வந்துவிட்டிருந்தது. "பத்தியம் பத்தியம்னு அந்த ஆளை வாட்டிட்டா" என்று என் காதுபடவே பேசினார்கள். பத்தியம் வைத்தபோது சர்டிபிகேட் கொடுத்த அதே வாய்கள்தான். ஒருத்தி என்னிடமே வந்து, "நீ படிச்சவ, உனக்குத் தெரியும். நெய் ஊத்தியிருந்தா பொழைச்சிருப்பாரு இல்ல?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்தது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. நான்கடி தள்ளி அண்ணி எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அண்ணி ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தாள். தெருவில் யார் வீட்டில் யாருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தாலும், சின்னக் கிண்ணத்தில் நெய் எடுத்துக்கொண்டு போய் நிற்பாள். "டாக்டரைக் கேளுங்க, நெய் ஊத்தலாமான்னு கேளுங்க. பத்தியம்னு நீங்களா வெச்சிடாதீங்க. நான் வெச்சிதான் எங்க வூட்டுக்காரரை வாரிக் குடுத்தேன்" என்பாளாம். போனில் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். அப்போதும் நான் சொல்லவில்லை.

என் மாத்திரை ஜெயித்தது. அதுவும் நடக்கத்தான் செய்தது. கம்பெனி என்னை ஒரு கூட்டத்துக்கு அனுப்பியது, பெரிய ஹால், பெரிய திரை. என் மாத்திரையின் விசேஷம் என்ன? சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஏறும். வயிற்றில் அமிலம் குறைவாக இருந்தாலும் ஏறும். இது ஏன் முக்கியம் என்று ஒரு படம் போட வேண்டியிருந்தது. நம் நாட்டு நோயாளிகள் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தாங்களாகவே கடையில் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள் என்று அதில் எழுதினேன். என் கையாலேயே எழுதினேன். மேடையில் நின்று, குரல் நடுங்காமல் அதை வாசித்தேன். கை தட்டினார்கள். முதல் வரிசையில் ஒருவர், நோயாளிகளின் அறியாமைக்கு நீங்கள் கண்டுபிடித்த தீர்வு அபாரம் என்று பாராட்டினார். நன்றி சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். அந்த மாத்திரையை முதலில் வெளிநாட்டுக்குத்தான் விற்கப்போகிறார்களாம். ஆரணிக்கு எப்போது வரும் என்று யாரும் சொல்லவில்லை, வந்தால் யாருக்கு வேண்டும்.

அண்ணன் இறந்து வருஷம் திரும்பியது. தெவசத்துக்குப் போனேன். படையல் முடிந்து, வந்த நாலு பேரும் சாப்பிட்டுப் போன பிறகு நானும் அண்ணியும்தான் மிச்சம். அவள் அடுக்களையில் இலை போட்டாள். மேல் ஷெல்பிலிருந்து நெய்த் தூக்கை இறக்கினாள். அதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை.

"அண்ணி, உக்காருங்க. ஒண்ணு சொல்லணும். நெய் ஊத்தாததால மட்டும் மருந்து ஏறாம போவல அண்ணி. அந்த கேஸ் மாத்திரை... அதைப் போடச் சொன்னது நான்தான். போன்ல நான்தான் சொன்னேன்."

அவள் தூக்கின் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்படி அண்ணி?" என்றேன்.

"ஸ்பீக்கர்ல போட்டுதான பேசினாரு. பக்கத்துலதான் ஏனம் கழுவிகினு இருந்தேன். வேலூர்ல நீ போன் பேச வெளிய போனே இல்ல, அப்ப டாக்டர் கேட்டாரு. கேஸ் மாத்திரை யார் எழுதிக் குடுத்ததுன்னு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள உங்கண்ணன் என் கையப் புடிச்சி அமுக்கினாரு. 'நானேதான் கடையில வாங்கிப் போட்டுகினேன் சார்'ன்னாரு."

கூட்டத்தில் மேடையேறி நான் வாசித்த வரி அது.

"அங்கயே வராந்தாவுல நான் உங்களை அவ்ளோ பேசினேனே. ஏன் அண்ணி சொல்லல?"

"ரூமை வுட்டு வெளிய வரும்போதே சொல்லக்கூடாதுன்னாரு. 'அது தெரிஞ்சா பாப்பா அந்த வேலையில கை வெக்காது. பேசினா பேசிட்டுப் போவட்டும், நீ வாங்கிக்கோ'ன்னாரு. வாங்கிகினேன்." இலையில் சோற்றைப் போட்டாள், பருப்பை ஊற்றினாள். "ஊரு பேசிச்சு, அதையும் வாங்கிகினேன். காரியத்துல அவ வந்து கேட்டப்போ நீ தலையக் குனிஞ்சே பாரு, அதையும் பாத்துகினுதான் இருந்தேன். அவரு என்னைத்தான் சொல்லாதேன்னாரு, உன்னை இல்ல. பாப்பா இன்னிக்குச் சொல்லும், நாளைக்குச் சொல்லும்னு பாத்தேன். ஒரு வருசம் ஆச்சு பாப்பா."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு அழுதிருப்பேன். அவள் விறகுக் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். நான் இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். பந்தியில் அவள் எல்லோருக்கும் தன் கையால் நெய் ஊற்றியிருந்தாள். எனக்கு ஊற்றவில்லை. தூக்கையும் கரண்டியையும் என் பக்கமாக நகர்த்திவைத்தாள்.

"நீயே ஊத்திக்கோ" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள்.